ஊரும் தகப்பன் பெயரும்: சென்னை மேற்குப் புறநகரில் குடும்ப வரலாற்றை இணையத்தில் தேடும் வழிகள்

சென்னையின் மேற்குப் புறநகரில் இருவகைக் குடும்பங்கள் வாழ்கின்றன. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஏரிப்பாசனக் கிராமங்களாக இருந்த காலம் தொட்டு அங்கேயே இருப்பவர்கள் ஒருவகை. டி.ஐ. சைக்கிள்ஸ், கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த ஆலைகளை நம்பித் தென்மாவட்டங்கள், வடாற்காடு, ஆந்திரம், கேரளம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரின் முன்னோர் பற்றிய பதிவுகள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கிவிடும். இரண்டாம் வகையினர் தாத்தா ரயிலேறிய ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் தேட வேண்டும். இரு சாராருக்கும் இன்று இணையத்தில் கிடைப்பவை பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட மிக அதிகம். ஆனால் அவை குடும்ப வரலாறு என்ற பெயரில் ஓரிடத்தில் இல்லை. பத்திரப்பதிவு, வருவாய்த்துறை, தேர்தல், நீதிமன்றம், நூலகம் என்று வேறு வேறு நோக்கத்துக்காக உருவான தளங்களில் சிதறிக் கிடக்கின்றன.

மேலைநாட்டுக் குடும்ப வரலாற்றுக் கையேடுகள் இங்கே பாதி வழிதான் உதவும். அவற்றின் முதுகெலும்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவின் 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் இங்கிலாந்தின் 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் 2022-ல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன; வீடு வீடாக, பெயர் பெயராக அவற்றைத் தேடலாம். இந்தியாவில் 1871 முதல் கணக்கெடுப்பு நடந்தும், அறிக்கைகளில் எண்கள் மட்டுமே உண்டு. தனியாள் விவரம் கொண்ட படிவங்களை எவரும் பார்வையிட முடியாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தடுத்துவிட்டது.

இன்னொரு இடையூறு பெயர். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஃபேமிலிசர்ச் போன்ற உலகத் தளங்களின் தேடுபெட்டி குடும்பப்பெயரைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். மு. கோவிந்தசாமியின் மகன் கோ. முனுசாமி, அவர் மகன் மு. கோவிந்தசாமி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். வயதையும் ஆண்டையும் ஒப்பிட்டால்தான் எவர் தாத்தா, எவர் பேரன் என்று பிரிக்க முடியும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய பதிவுகளில் முனுசாமி மூனூசாமி ஆவார், முனியசாமியோடும் கலந்துபோவார். பூந்தமல்லியே பூனமல்லி, புந்தமல்லி என்றெல்லாம் வரும். அதனால் தமிழ்க் குடும்பத்துக்கான சரியான திறவுகோல் ஊரும் தகப்பன் பெயரும். இவ்விரண்டையும் உறுதிசெய்துகொண்டவருக்குத் தளங்கள் பதில் சொல்லும். வெறும் பெயரோடு வருபவருக்கு ஆயிரம் கோவிந்தசாமிகளைக் காட்டும்.

ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் ஆண்டோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டங்களின் ஊர்கள் பழைய பதிவுகளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் தாலுகாக்களின் கீழ் வரும். அம்மாவட்டம், அப்போதைய பெயரில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997-ல் பிரிந்தபோது இவை திருவள்ளூருக்கு வந்தன. அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலமாயிற்று. அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. 2019-ல் உருவான புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் இவ்வூர்கள் ஒன்றுகூட இல்லை. ‘செங்கல்பட்டு’ என்று கண்டதும் இன்றைய வரைபடத்தில் தேடுபவர் வழிதவறுவது இதனால்தான்.

குடும்ப வரலாற்றுக்கு மிகுந்த பலன் தருவது, அப்படி எவரும் எண்ணிப் பார்க்காத பத்திரப்பதிவுத் துறையின் இணையதளம். வீடு வாங்கும்போது வங்கிக்காக எடுக்கும் வில்லங்கச் சான்று, உண்மையில் ஒரு நிலத்தின் வழியாகப் படிக்கக் கிடைக்கும் குடும்பக் கதை. தளத்தில் பெயரும் கடவுச்சொல்லும் பதிந்துகொண்டு, சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்தால் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து விவரம் கணினியில் உண்டு. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுச் செய்து கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து தேடச் சொல்ல வேண்டும்.

சான்றின் ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், தேதி, தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், சொத்து விவரம் என்ற தலைப்புகள் இருக்கும். ‘தன்மை’ என்ற இடத்தில் கிரயம் என்றிருந்தால் குடும்பச் செய்தி குறைவு. ‘பாகப்பிரிவினை’ என்றிருந்தால் அங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். அண்ணன் தம்பிகள், இறந்துபோன சகோதரனின் மனைவி, அவள் பிள்ளைகள் என்று பங்காளிகள் அனைவரும் அதில் வரிசையாக நிற்பார்கள். ‘விடுதலை’ என்றால் பெரும்பாலும் சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த ஆவணம். வேறெங்கும் பெயர் வராத பெண்கள் இதில் தகப்பன் பெயரோடும் கணவன் பெயரோடும் வருகிறார்கள். ‘செட்டில்மென்ட்’ தகப்பனிடமிருந்து பிள்ளைக்கோ கணவனிடமிருந்து மனைவிக்கோ போயிருக்கும். சான்றில் கண்ட ஆவண எண்ணை வைத்து மூலப்பத்திரத்தின் நகலை விண்ணப்பித்தால் இன்னும் விரிவு கிடைக்கும். சொத்து எந்த வகையில், யாருக்குப் பின் யாருக்குப் பாத்தியப்பட்டது என்ற வரலாற்றை எழுதித்தான் எந்தப் பத்திர எழுத்தரும் தொடங்குவார். நான்கெல்லையில் வரும் பக்கத்து நிலத்துக்காரர் பல வேளைகளில் சித்தப்பாவாகவோ பெரியப்பா மகனாகவோ இருப்பார். சாதாரண எல்லைக் குறிப்பு என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

சர்வே எண் தெரியாதவர் வருவாய்த்துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்திலிருந்து தொடங்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை அங்கே கிடைக்கின்றன. அ-பதிவேட்டில் இப்போதைய புல எண்ணுக்கு நேரே பழைய எண்ணும் இருக்கும். 1980-களில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு, மக்கள் வழக்கில் யு.டி.ஆருக்கு, முந்தைய பதிவேடுகளுக்குப் போக இந்தப் பழைய எண்தான் பாலம். பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்த கிராமக் கணக்குகள், 1980-ல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டபின் கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்புக்கு வந்தன. அவற்றில் மிகச் சிலவே மின்னுருவாகியுள்ளன. எஞ்சியவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ நேரில் போக வேண்டும்.

நிலப்பதிவு நிலம் உள்ளவனின் நினைவை மட்டும் காக்கிறது. இது செங்கல்பட்டுப் பகுதியின் குடும்ப வரலாற்றில் ஆழமான பிளவு. பிரிட்டிஷ் காலத்தில் இங்கே காணியாட்சி உரிமை பெற்ற மிராசுதாரர்களைப் பற்றி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1818-ல் தனி நூலே எழுதினார்; அந்த நிலத்தில் உழைத்தவர்கள் பெயரில்லாத எண்ணிக்கையாக நின்றார்கள். மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-ல் செங்கல்பட்டின் ஒடுக்கப்பட்ட மக்கள் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் இந்தப் போக்கை முதலில் உடைத்தது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை வந்து, நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதுவே இன்று பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று பேசப்படுவது. ஒரு தலித் குடும்பத்தின் முன்னோர் அரசுப் பதிவேட்டில் முதன்முதலாகப் பெயரோடு நுழைந்த இடம் இந்த ஒப்படைப்பாக இருக்கக்கூடும். அதனால் அ-பதிவேட்டின் குறிப்புரைப் பகுதியையும் பழைய ஒப்படைப்பு ஆவணங்களையும் தேடுவது, வரலாற்றோடு உரிமையையும் தொடும் வேலை. டிரெமன்ஹீரின் காலத்துக்கு முன்னே, 1879-ல் குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேடு இணைய ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக உள்ளது; அக்காலத்து நில உறவுகளைப் புரிந்துகொள்ள அது போதும்.

இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னே போனால் பார்னார்டின் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற செங்கல்பட்டுப் பகுதியை, 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் அளந்தார். ஏறத்தாழ 2000 ஊர்களின் நிலம், ஏரி, வீடுகள், குடிகளின் தொழில், மானியங்கள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தமிழ் மூலக் கணக்குகள் ஓலையில் எழுதப்பட்டவை. அவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. வரலாற்றாய்வாளர் தரம்பால் இவற்றின் அருமையை எடுத்துச் சொன்னார். சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளை நூலாகப் பதிப்பித்தது. இதில் தன் கொள்ளுப்பாட்டனைத் தேடிப் பிடிப்பது அரிது. தன் ஊர் 250 ஆண்டுகளுக்கு முன் எத்தனை வீடுகளோடு, எந்தத் தொழில்களோடு இருந்தது என்று அறிய இதைவிடச் சிறந்த ஆதாரம் இப்பகுதிக்கு இல்லை.

அண்மைக்காலத் தலைமுறைகளை இணைப்பதற்கு வாக்காளர் பட்டியல் எளிய வழி. ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம் இருக்கும். ஒரே வீட்டு எண்ணில் உள்ளவர்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு கூட்டுக்குடும்பம் கண்முன் நிற்கும். 2025-ன் இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களைத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேடும் வசதி வந்தது. வாக்குரிமைக்காக மக்கள் பதைபதைத்துத் தேடிய அதே பட்டியல், இடைப்பட்ட காலத்தில் இறந்துபோன தாத்தா பாட்டியரின் கடைசிப் பொதுப்பதிவும் ஆகும். இங்கே கவனிக்க வேண்டியது தொகுதிப் பெயர். அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல் தொகுதிகள் 2008-ஆம் ஆண்டு மறுவரையறையில் பிறந்தவை. சட்டமன்றத்துக்கு 2011-ல்தான் முதன்முதலாக வாக்களித்தன. அதற்கு முந்தைய பட்டியலில் இப்பகுதியினர் வில்லிவாக்கம், பூந்தமல்லி போன்ற பழைய தொகுதிகளில் தேட வேண்டும்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளில் சென்னை மாநகராட்சியின் தளம் முன்னோடி. சான்றிதழைக் கட்டணமின்றித் தரவிறக்கலாம். மற்ற ஊர்களுக்கு மாநில அளவிலான பதிவுத் தளம் உள்ளது. பதிவு நிகழ்விடத்தைச் சேர்ந்தது, வசிப்பிடத்தைச் சேர்ந்ததன்று. அம்பத்தூரில் வாழ்ந்த தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால் பிள்ளையின் பதிவு விழுப்புரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும். ஆவடிக்காரர் எழும்பூர் மருத்துவமனையில் பிறந்திருந்தால் சென்னையில் இருக்கும். பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இராது, ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்பதோடு தாய் தந்தையர் பெயரே இருக்கும். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிட்டார்கள். தேடும்போது பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும்தான் கைகொடுக்கும். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் இறந்தவரின் மனைவி மக்கள் அனைவரையும் வயதோடு பட்டியலிடுவது; அதை வீட்டுப் பெட்டியிலேயே தேடினால் கிடைக்கும்.

நீதிமன்றத் தீர்ப்புகளைக் குடும்ப வரலாற்றுக்காகப் பார்ப்பவர் குறைவு. இந்தியன் கானூன் என்ற இலவசத் தளத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் ஏராளம். பாகப்பிரிவினை வழக்கு, தத்து வழக்கு, கோயில் தர்மகர்த்தா உரிமை வழக்கு எதுவானாலும், நான்கைந்து தலைமுறைக் கொடிவழியை விளக்கிவிட்டுத்தான் நீதிபதி விஷயத்துக்கு வருவார். ஊர்ப் பெயரை இட்டுத் தேடினால் போதும். சண்டை போட்ட குடும்பங்களே தங்கள் வம்சாவளியை இப்படித் தெளிவாக விட்டுச் சென்றிருக்கின்றன.

கிறித்தவக் குடும்பங்களுக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் வழி வேறு. மதராஸ் மாகாணத் திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குப் படிக்கலாம். ஃபிபிஸ் எனப்படும் ‘பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கம்’ தன் பெயரடைவை இலவசமாகத் தருகிறது. பூந்தமல்லி கண்டோன்மென்டில் படை டிப்போ இருந்ததால், அவ்வூர்ப் பெயர் இப்பதிவுகளில் வருவது இயல்பு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கி ஓடிய முதல் ரயில் இந்தப் புறநகர் வழியாகத்தான் போயிற்று. அந்தப் பாதையோடும் பெரம்பூர்ப் பணிமனையோடும் வளர்ந்த ரயில்வேக் குடும்பங்களுக்கும் இதே தொகுப்புகள் உதவும். கல்லறை வாசகங்களுக்கு ஜே.ஜே. காட்டன் 1905-ல் வெளியிட்ட மதராஸ் மாகாணத் தொகுப்பு இன்றும் துணை. உலகப் போர்களில் இறந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடுதளம் இலவசம். பலருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் வரை அதில் பதிவு உண்டு.

கடல் கடந்து போனவர்களின் பதிவு, ஊரில் தங்கியவர்களின் பதிவைவிடச் சில வேளை முழுமையானது என்பது துயரமான உண்மை. 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸ் துறைமுகத்திலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. 1911 வரை அங்கே போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை எழுதப்பட்டது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைக் காத்துவருகிறது. நிலமற்றவர் என்பதால் சொந்த மாவட்டத்தில் தடயமே இல்லாத ஒருவர் இந்தப் பட்டியலில் ஊரும் தகப்பன் பெயருமாக இருக்கக்கூடும். ‘ஒருத்தர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை’ என்ற பேச்சு வழிவழியாக உள்ள குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கங்காணி முறையில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு இத்தனை விரிவான பட்டியல் இணையத்தில் இல்லை. மலாயா போனவர்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்னுருவாக்கிய பழைய ‘தமிழ் முரசு’ இதழ்கள் ஓரளவு உதவும். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களிடம் இருக்கும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையும் விலைமதிப்பற்றது.

ஈழத்தமிழரின் ‘நூலகம்’ திட்டத்தை இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண வழக்கத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்குள் வெளியிடும் நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையும் வம்ச வரலாறும் அச்சாகும். 2005-ல் தொடங்கிய நூலகம் அந்த மலர்களையும் நூல்களோடும் இதழ்களோடும் சேர்த்து மின்னுருவாக்கி இலவசமாகத் தருகிறது. தமிழில் குடும்ப வரலாற்றுக்கு இதற்கு நிகரான பொதுக் களஞ்சியம் வேறில்லை. தமிழ்நாட்டில் கருமாதிப் பத்திரிகையும் கல்யாணப் பத்திரிகையும் மறுநாளே குப்பைக்குப் போகின்றன. இரு வீட்டுத் தாத்தா பாட்டி, தாய்மாமன், பூர்வீக ஊர் அத்தனையும் அச்சிட்ட ஒரு தாள் கல்யாணப் பத்திரிகை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இத்தகைய உதிரி அச்சுகளையும் காத்துவருவது நல்ல முன்மாதிரி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ், தமிழகக் கிராமங்களில் தனியார் வீட்டு ஆவணங்களையும் பழைய ஸ்டுடியோப் படங்களையும் மின்னுருவாக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பெருமளவில் உள்ளன.

கண்டெடுத்ததைச் சேமிப்பதிலும் கவனம் தேவை. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. எந்தப் பதிவைக் கண்டாலும் உடனே தரவிறக்கி, எந்தத் தளம், எந்தத் தேதி என்று குறித்துவைப்பது நல்லது. ஜெனி, ஃபேமிலிசர்ச் போன்ற பொதுமரங்களில் பிறர் சேர்த்த உறவை ஆதாரமின்றி நம்பக் கூடாது. வருணனையால் நிறைந்த சாதிப் பெருமை வரலாறுகளுக்கும் இது பொருந்தும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, சொத்து விவரம் ஆகியவற்றைப் பொதுவில் ஏற்றுவது மோசடிக்காரர்களுக்கு வழி திறப்பதாகும். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் சொந்தக் கணினியிலேயே மரத்தை வளர்த்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய ஆதாரம் ஒன்று உண்டு; அதற்குத் தளம் கிடையாது. வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், கணினியைத் திறக்கும் முன் அவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும்: அவருடைய தாத்தாவின் பெயர், பாட்டி பிறந்த ஊர், குலதெய்வக் கோயில் இருக்கும் இடம், அங்கே தலைக்கட்டு வரி எழுதும் பங்காளி யார் என்பது. இந்த நான்கும் கையில் இருந்தால் மேலே சொன்ன தளங்களில் பாதி ஒரே வாரத்தில் பலன் தரும். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.